முத்தப்பன் தேறிவிட்டான்

சுவரில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர். கட்டிய நாள் முதல் ஒரு கீறல் கண்டதில்லை. அதன் கீழே எட்டு வயது முத்தப்பன் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான். உதட்டோரத்தில் சுண்ணாம்பு.

"சுவத்தைத் திங்கிறான்" என்றார் ஏகப்பச் செட்டியார், பேப்பரை மடிக்காமலே. "நேத்துத்தான் வந்தான். வீட்டை மிச்சம் வைப்பானா?"

அவர் மனைவி விசாலம் ஆச்சி பையனை முற்றத்து வெளிச்சத்துக்கு அழைத்துப்போய், கீழ் இமையை விரலால் தாழ்த்திப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை.

"வையாதீக. ரத்தமில்லாத பிள்ளைதான் மண்ணையும் சுவத்தையும் தேடும்."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தேவகோட்டைப் பங்காளி வீட்டில் நாலும் ஆண். அதில் இரண்டாமவனைச் சுவீகாரமாகப் பிள்ளை கூட்டிக்கொள்வதாகப் பேசி, அவனைப் பெற்ற நாகம்மையே கொண்டுவந்து விட்டிருந்தாள். பிள்ளையார்பட்டிக் கோயில் மாலை வந்து, பங்காளிகள் முன்னால் சடங்கு நடந்தால்தான் அவன் இந்த வீட்டு மகன். அதுவரை விருந்தாளி.

"இவன் இனி உங்க பிள்ளை ஆச்சி" என்று சொல்லித்தான் நாகம்மை போனாள். "ஆனா உடம்பு தேறட்டும், அப்புறம் மாலைக்குச் சொல்லுவோம். சீக்காளிய உங்க தலையில கட்டிட்டேன்னு நாளைக்கு ஒருத்தர் பேசக்கூடாது பாருங்க."

இவ்வளவு நேர்மையான பெண்ணா என்று விசாலத்துக்குக் கண் கலங்கியது.

டாக்டர் பார்த்துவிட்டு, வயிற்றில் கொக்கிப்புழு என்றார். புழுவுக்கு மருந்தும் ரத்தத்துக்கு இரும்புச்சத்து டானிக்கும் எழுதினார். செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள் என்றார். சாப்பாட்டுக்கு என்ன செய்ய என்று ஆச்சி கேட்டதற்கு, மீதி வைத்தியம் உங்கள் அடுப்படியில்தான் என்றார்.

காலையில் கேப்பைக் கூழ். மதியம் முருங்கைக்கீரையும், கூடவே ஒரு நெல்லிக்காயும். புளிப்பு சேர்ந்தால்தான் கீரையின் சத்து உடம்பில் ஒட்டும் என்று சித்த வைத்தியர் சொல்லியிருந்தார். டாக்டரிடம் கேட்டபோது அவரும் ஆமாம் என்றார். இரண்டு பேரும் ஒரே பேச்சுப் பேசியதால் செட்டியாருக்குச் சந்தேகம் வந்து, மூன்றாவதாக ஒருவரை விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல். மற்ற நாளில் சுண்டைக்காய் வற்றல். அரிசிக்குத் தட்டுப்பாடான வருஷம் என்பதால் கேப்பையை யாரும் குறை சொல்லவில்லை. செட்டியாருக்கும் அதே கூழ்தான். "எனக்கு எந்தக் கோயில்ல இருந்து மாலை வரப்போகுது?" என்று கேட்டுவிட்டுக் குடித்தார்.

நாகம்மை அவ்வப்போது பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போனாள். இமையைத் தாழ்த்திப் பார்க்க ஆச்சியிடமே கற்றுக்கொண்டாள். ஈரலை எவ்வளவு நேரம் வதக்குவது, டானிக் சோற்றுக்கு முன்னாலா பின்னாலா என்றெல்லாம் விசாரித்தாள். மாலைப் பேச்சை எடுத்தால் மட்டும், இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்பாள். பெற்ற மனசு, பிரிவதற்குக் கொஞ்சம் அவகாசம் கேட்கிறது என்று விசாலம் நினைத்துக்கொண்டாள்.

பொங்கலுக்குள் முத்தப்பன் சுவரை விட்டுவிட்டான். செருப்புத் தேய ஊருணிவரை ஓடினான். அதுவரை ஆச்சியைப் பெரியாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், ஒரு மதியம் தட்டை நீட்டி, "ஆத்தா, இன்னுங் கொஞ்சம் ஈரல்" என்றான்.

விசாலம் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். செட்டியார் எழுந்து கைகழுவிவிட்டு, நாள் பார்க்கப் போனார். மாலைக்குச் சொல்லிவிட்டு, தேவகோட்டைக்கும் ஆள் அனுப்பினார்.

மறுநாளே நாகம்மை வந்தாள். கையில் ஒரு சின்னப் பையனைப் பிடித்திருந்தாள். வந்தவள் உட்காரவில்லை. முத்தப்பனை முற்றத்துக்கு அழைத்துப்போய் இமையைப் பார்த்தாள். நல்ல சிவப்பு. பிறகு உள்ளே போய் அவன் துணிப்பையை எடுத்து வந்தாள்.

"இவனைப் பெத்த அப்பச்சிக்கு இவனை விட்டுட்டு இருக்க முடியலையாம் ஆச்சி. சோறு எறங்கலைங்கிறாக. நான் என்ன செய்யட்டும்?"

செட்டியார் பேப்பரை மடித்து வைத்தார். கோயிலுக்குச் சொல்லியாகிவிட்டது, பங்காளிகளுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார்.

"பிள்ளை தரமாட்டேன்னா சொன்னேன்?" நாகம்மை சின்னவனை முன்னால் தள்ளினாள். "இவன் இராமு, மூணாவது. இவனும் வெளுத்துத்தான் கிடக்கான். இவன் தேறுனதும் மாலைய வாங்கிக்குவோம்."

சடங்கு நடக்காத பிள்ளையை நிறுத்திவைக்க யாருக்கும் உரிமையில்லை. வாசல் தாண்டும்போது முத்தப்பன், "ஆத்தா" என்றான். இரண்டு பெண்களும் திரும்பினார்கள். நாகம்மை அவன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

செட்டியார் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகு, "இது வீடா, தர்மாஸ்பத்திரியா?" என்றார். "இவனுக்கு ரத்தம் ஊறுன அன்னைக்கு இவனையும் கூட்டிக்கிட்டுப் போவா. நாலாவதைக் கொண்டாந்து விடுவா."

ஆச்சி முந்தானையை நனைத்துக்கொண்டு வந்தாள். இராமுவின் முகத்தைத் துடைத்துவிட்டு, இமையைத் தாழ்த்திப் பார்த்தாள். டானிக் பாட்டிலைத் திறந்தாள். கரண்டியில் பாதி ஊற்றியதும் நிறுத்தி, பாட்டிலை மூடினாள்.

"இவன் மெதுவாவே தேறட்டும்."