உறவினர்: யாரும் இல்லை

தொழிற்பயிற்சிக் குழுவின் கூட்டத்தில் அடுத்ததாக, ஒரு புதிய பயிற்சி நிலையத்தின் அங்கீகாரம் விவாதத்துக்கு வந்தது.

“விண்ணப்பதாரர் இங்க யாருக்காவது சொந்தமா?” என்று தலைவர் வழக்கம்போல் கேட்டார்.

குழு உறுப்பினரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியை எழுந்தார். “எனக்குச் சொந்தம்தாங்க. விதிப்படி நான் வெளியே போயிடறேன்.”

செயலாளர் விண்ணப்பத்தைப் புரட்டினார். “என்னம்மா சொல்றீங்க? குழுவில உறவினர் உண்டான்னு கேட்ட இடத்துல ‘யாரும் இல்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரே!”

“அப்படின்னா பொய்த் தகவல்,” என்றார் தலைவர். “விண்ணப்பத்தைத் தள்ளிட வேண்டியதுதான். அஞ்சு வருஷத்துக்கு மறுபடி போடவும் முடியாது.”

“கொஞ்சம் காட்டுங்க.” தலைமையாசிரியை காகிதத்தை வாங்கி, அந்தக் கையெழுத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடடா, பேரைப் பார்த்து ஏமாந்துட்டேன். இவர் வேற யாரோ. எனக்குத் தெரியாதவர்.”

“நல்லா பயமுறுத்தினீங்க போங்க!” தலைவர் சிரித்தார். “சரி, ஓட்டெடுப்பு நடத்தலாமா?”

“தலைவலியா இருக்கு. என்னை விட்டுட்டு நடத்துங்க.”

வெளியே நடைவழி பெஞ்சில் கோப்போடு காத்திருந்த விண்ணப்பதாரர், அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். உள்ளிருந்து, “ஒருமனதாக அங்கீகாரம்” என்று தலைவரின் குரல் கேட்டது.

“கிடைச்சிடுச்சு,” என்றார் தலைமையாசிரியை.

“ரொம்ப நன்றி, மேடம்.”

பதினோரு வருடங்களுக்குப் பிறகு மகன் அவரிடம் பேசியது அவ்வளவுதான்.