ரிமோட்டில் இல்லாத பொத்தான்

கிழட்டுக் காகத்தின் கூட்டை உடைத்தது மருந்தடிக்கும் டிரோன்தான். காகம் சும்மா இருக்கவில்லை. தப்பை டிரோனின் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்று, அது வரப்பில் இறங்கியதும் பக்கத்தில் போய் நின்றது.

"ஏன் தம்பி, உனக்கு யார் வழி காட்டுகிறார்கள்?"

"யாருமில்லை பெரியவரே. முன்பு ரிமோட் திருப்பிய பக்கம் போனேன். இப்போது வரைபடத்தைப் பார்த்து நானே வழி போட்டுக்கொள்கிறேன்."

"அட! இவ்வளவு கெட்டிக்காரன் கண்ணுக்கு என் கூடு தெரியவில்லையா?"

"வரைபடம் மாசியில் எடுத்தது. நீங்கள் கூடு கட்டியது சித்திரையில். கிளைக்கு மேலே ஒரு முழம் விட்டுத்தான் வந்தேன்."

"அந்த ஒரு முழத்தில்தானடா நான் குடியிருந்தேன்!"

"ரிமோட் சரி சொன்ன பிறகுதான் பறந்தேன். அதைக் கேளுங்கள்."

காகம் ரிமோட்டிடம் போனது.

"வழி போட்டது அவன்," என்றது ரிமோட். "என்னிடம் 'சரி' என்று ஒரு பொத்தான் உண்டு. என்னைக் கையில் வைத்திருந்தவர்கள் அதை அமுக்கினார்கள், அவ்வளவுதான்."

"அப்படியானால் 'தப்பு' என்ற பொத்தானையும் அமுக்கச் சொல். கேட்டுவிட்டுப் போகிறேன்."

ரிமோட் தன் உடம்பு முழுக்கத் தேடியது. "அப்படி ஒன்று வைக்கவே இல்லையே, பெரியவரே."

டிரோன் அடுத்த வயலுக்குக் கிளம்பிவிட்டது. காகம் இன்னும் வரப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு 'தப்பு' என்று ஒரு வார்த்தை வரவேண்டியிருக்கிறது.