லாயத்துச் சுவர்

"இடிச்சுட்டான் டாக்டர்! நான் உங்களைக் கூப்பிட வந்த நேரம் பார்த்து என் சுவரை இடிச்சுட்டான்!"

கால்நடை டாக்டரோடு லாயத்துக்கு வந்த அண்ணன்காரர் வாசலிலேயே நின்று கத்தினார்.

நடுச்சுவரில் பெரிய ஓட்டை. செங்கல்லெல்லாம் கீழே கிடந்தன. அந்தப் பக்கம் தம்பி வீடு.

"சுவர் இருக்கட்டும். குதிரைக்கு என்ன, அதைச் சொல்லுங்க."

"ஒரு வாரமா சரியாவே சாப்பிடலை. திரும்பித் திரும்பி விலாவைக் கடிக்குது. சேணத்தை எடுத்தாலே உதைக்க வருது. பார்க்குல குழந்தைங்களை ஏத்துற மட்டக்குதிரை டாக்டர், அப்படி ஒரு சாது. நேத்திலேருந்து லத்திகூடப் போடலை. செத்துடுமோன்னு பயமா இருக்கு."

"வயித்துல புண்ணா இருக்கலாம். சமீபத்துல ஏதாவது மாத்தினீங்களா? தீனி, இடம், கூட இருந்த பிராணி?"

அண்ணன்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பாகம் பிரிச்சோம். குதிரை எனக்கு, கழுதை தம்பிக்கு. ரெண்டும் ஒண்ணா வளர்ந்ததுங்கதான். என்ன பண்றது, வீட்டுப் பொம்பளைங்களுக்குள்ள ஆகலை. மத்தபடி நாங்க அண்ணன் தம்பி ஒண்ணுக்குள்ள ஒண்ணு."

"அப்ப கழுதையைக் கேட்டு வாங்க வேண்டியதுதானே?"

"அவன் மூஞ்சியிலயே நான் முழிக்கிறதில்லை!"

டாக்டர் உள்ளே போனார். மூலையில் ஏதோ மெல்லும் சத்தம். எட்டிப் பார்த்தால், ஒரே தொட்டியில் குதிரையும் கழுதையும் புல் தின்றுகொண்டிருந்தன.

டாக்டர் குதிரையின் வயிற்றில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டார். "குடல் நல்லா வேலை செய்யுது."

அதற்குச் சாட்சி சொல்வதுபோல் குதிரை வாலைத் தூக்கியது.

"லத்தி போட்டுடுச்சு!" அண்ணன்காரர் பிள்ளை பரீட்சையில் பாஸானதுபோல் குதித்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"புண்ணுக்கு மருந்து தர்றேன். வயிறு காலியா இருக்கக் கூடாது, எப்பவும் முன்னால புல்லு கிடக்கட்டும். கழுதையைப் பிரிக்காதீங்க. பாதி வைத்தியத்தைச் சுவரை இடிச்சவரே பார்த்துட்டார். போய் நன்றி சொல்லுங்க."

அண்ணன்காரர் ஓட்டையருகே போனார். அந்தப் பக்கத்திலிருந்து தம்பியின் தலை நீண்டது.

"இப்பத்தான் வேலையிலேருந்து வந்தேன். ரொம்ப நன்றிண்ணா! கழுதையும் பட்டினியாத்தான் கிடந்தது. நீ சுவரை இடிப்பேன்னு நான் நினைக்கவே இல்லை."

"நானா? நீ இடிக்கலையா?"

இருவரும் திருதிருவென விழித்தார்கள்.

பின்னால் களுக்கென்று சிரிப்பு. அண்ணன் மனைவி கையில் கடப்பாரை, தம்பி மனைவி கையில் சுத்தியல். இருவர் தலையிலும் செங்கல் பொடி.

"நீங்க ரெண்டு பேருமா?" என்றார் அண்ணன்காரர். "உங்களுக்குள்ளதான் பேச்சுவார்த்தையே கிடையாதே?"

"அப்படின்னு ஊரெல்லாம் சொன்னது நீங்க," என்றாள் அவர் மனைவி. "நாங்க கொல்லைச் சுவருக்கு ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு ஸ்டூல் போட்டு ஏறி நின்னு தினமும் பேசிக்கிட்டுதான் இருக்கோம். இனி எங்களுக்கு அது வேண்டாம். அந்த ஸ்டூலைப் போட்டு உக்காந்து நீங்க ரெண்டு பேரும் பேசுங்க!"