ஒரே டேங்கில் ரெண்டு மருந்து

மூணாம் நாள் காலையில் ஈரல் செத்துப்போயிருந்தது. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கங்கா சந்தோஷத்தில் அழுதாள்.

செத்தது ஈப்போ லேப்பில் அவள் தட்டில் வளர்த்த மனித ஈரல் செல்கள். அப்பா சாமிநாதனோ கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்திருந்தார்.

முப்பது வருஷமாகத் தேயிலைக்கு மருந்தடிக்கிறவர். சம்சு சாராயம் குடித்துக் கெட்ட ஈரல் என்று தோட்டத்துத் துரை சாதித்தார். நாளைக்கு விசாரணை, குடி என்று முடிவானால் வேலையும் போகும், வீட்டையும் காலி செய்யவேண்டும்.

அந்த மனுஷனா குடிப்பார்? சளி மாத்திரை முழுங்கக்கூட மகளுக்குப் போன் போட்டுக் கேட்பார். அவளும் வேலை மும்முரத்தில், ஒண்ணும் செய்யாதுப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள்.

கொடுமை என்னவென்றால், துரை கையில் இருந்த ஆதாரம் கங்கா கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டேதான். பூச்சி மருந்தும் சரி, பூஞ்சை மருந்தும் சரி, ஈரலை ஒன்றும் செய்யாது என்று எழுதியிருந்தாள். தனித்தனியாகச் சோதித்த லட்சணம் அது.

மேட்டில் ரெண்டு தடவை ஏற முடியாமல், அப்பா சில மாசமாக ரெண்டையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கிறார் என்று பக்கத்து வீட்டு மணியம்மா சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கலந்து ஊற்றிப் பார்த்தாள். செல்கள் ஒன்றுவிடாமல் போய்விட்டன.

சாயங்காலமே கார் எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டாள். புது ரிப்போர்ட்டை அப்பாவின் கையில் வைத்தாள். துரைதான் கலக்கச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம் என்று கெஞ்சினாள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "கலக்கலாம்னு சொன்ன ஆளுக்கு என்னாகும்?" என்று கேட்டார்.

"சும்மா விடுவேனா? வேலையைப் பிடுங்கித் தெருவுல நிக்க வைப்பேன்."

"அப்படின்னா நான் குடிச்சேன்னே எழுதிடு லா."

கங்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரலே போனாலும் துரைமேல் விசுவாசம் போகாதா என்று கத்தினாள். யாரைக் காப்பாற்ற இப்படி வாயை மூடிக்கொண்டு சாகிறீர்கள் என்று தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

மஞ்சள் பூத்த கண்ணில் தண்ணீர் நின்றது.

"உன்னைக் கேட்டுத்தான்மா கலந்தேன்."