ராக்கெட் சீரியலின் கடைசி வசனம்

“நாளைக்கி எனக்கு லீவுங்கண்ணா. ராக்கெட் சீரியலுக்கு நானும் வந்து ஒக்காந்துக்கறேன்.”

காலையில் குழாயடியில் சென்னகிருஷ்ணன் இப்படிச் சொன்னதுதான் தாமதம். சாயங்காலமே கங்கப்பன் வீட்டு டி.வி. ரிப்பேர்!

“பொகை வந்துருச்சுப்பா. நாளைக்கி யாரும் வர வேணாம்” என்று வாசலில் நின்று அறிவித்துவிட்டு, கங்கப்பன் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய அந்த லைன் வீடுகளில் டி.வி. இருந்தது அவரிடம் மட்டும்தான். எல்லார் முகமும் தொங்கிப்போயிற்று. பின்னே? மூணு வருஷத்துக்கு முன்னால் அந்த லைனே அடித்துப் பிடித்துக்கொண்டு பார்த்த இந்தி சீரியல். இப்போது மறுபடியும் போடுகிறான். நாளைக்குக் கடைசி வாரம்.

“பேரு ‘தூர் கா தாரா’. எங்க காதுல ‘துர்கா’ன்னு விழுந்துச்சா, அம்மன் படம்னு நெனச்சு மொத வாரம் சூடம் கொளுத்திட்டோம்!” என்று எதிர்வீட்டு முனிலட்சுமி சிரித்தாள்.

“நமக்கு இந்தி எங்க தெரியும்? கங்கப்பண்ணன் பம்பாய்க்கு லாரி ஓட்டினவரு. பக்கத்துல நின்னு அவரு தமிழ்ல சொல்லச் சொல்ல, நாமளே ராக்கெட்ல போற மாதிரி இருக்கும்” என்றான் அவள் புருஷன் திம்மராயன். “நிலாவுல தண்ணி கெடைக்காம கேப்டன் திட்டுவானே, ‘நம்ம லைன் வீட்டுக் கொழாய விட மோசம்டா இது’ன்னு!”

டில்லிக்காரன் எடுத்த சீரியலில் ஓசூர்க் குழாய் எப்படி வந்தது என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.

“அந்தக் கடைசி வசனம்தான்…” என்றாள் வெள்ளையம்மா. “ராக்கெட்லேர்ந்து பொண்டாட்டிகிட்ட பேசுவானே. ‘சோறாக்கி வை, வந்துடறேன்’னு.”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சென்னகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது. வெள்ளையம்மா அவன் மனைவி. சீரியல் ஓடிய காலத்தில் அவன் குவைத்தில் இருந்தான். அவன் திரும்பி வருவதற்குள் பிறந்த மகளுக்கு அவள் வைத்திருந்த பேரும் தாரா. ஒரு சீரியலுக்காகவா ஒருத்தி இப்படி உருகுவாள்? சீரியலுக்கா, அதைத் தமிழில் சொன்ன ஆளுக்கா?

விளக்கு வைக்கிற நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் கங்கப்பன் வீட்டில் யாரோ இந்தியில் நியூஸ் வாசிப்பது கணீரென்று கேட்டது.

பொகை வந்த டி.வி. நியூஸ் வாசிக்குமா? ‘நான் வரேன்னதும் கெட்டுப்போவுதே. இதுல என்னமோ இருக்கு!’

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் மூச்சு விடாமல் பாகலூர் ரோட்டில் தெரிந்தவர் ரேடியோ கடைக்குப் போனான். அங்கே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. குவைத்தில் கூடத் தங்கியிருந்தவர்கள் புண்ணியத்தில் இந்தி அவனுக்கு அத்துப்படி.

கேப்டனின் ராக்கெட் தீப்பிடித்தது. மனைவியிடம் கடைசியாக ஒரே ஒரு வார்த்தை பேசினான்.

“மேரா இந்தஜார் மத் கர்னா.”

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். திரை வெள்ளையாயிற்று. அவ்வளவுதான், முடிந்தது.

சென்னகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ‘எனக்காகக் காத்திருக்காதே’ என்கிறான். இதில் சோறு எங்கேயிருந்து வந்தது?

‘அட புளுகா! உனக்கு இந்தியே தெரியாது. இத்தனை வருஷமா லைனையே ஏமாத்தியிருக்கே. இரு, வரேன்!’

நேராகக் கங்கப்பன் வீட்டுக்குள் நுழைந்தான்.

“ஏங்கண்ணா, ‘மத்’துன்னா வேணாம்னுதான அர்த்தம்? ஆளு செத்தே போறான். சோறாக்கி வைன்னு எப்பங்க சொன்னான்?”

கங்கப்பன் எழுந்து அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

“மெதுவாப் பேசுப்பா. உனக்கு இந்தி தெரியும், பாத்தா வீட்ல போயி சொல்லிடுவியேன்னுதான் டி.வி. ரிப்பேர்ன்னேன்.”

“அதுல உங்களுக்கு என்னா பயம்?”

“குவைத்துல சண்டை மூண்டு, நீ இருக்கியா இல்லையான்னே தெரியாத நேரம்ப்பா அது. உன் பொண்டாட்டி வயித்துப் புள்ளையோட சோறு தண்ணி எறங்காம கெடந்தா. ‘அந்தக் கேப்டன் வந்துட்டா எங்க வீட்டுக்காரரும் வந்துருவாருங்கண்ணா’ன்னு மொத ஆளா வந்து ஒக்காந்துகிட்டு என் வாயையே பாக்கறா. அவகிட்ட போயி ‘காத்திருக்காதே’ன்னு நான் எப்பிடிப்பா சொல்லுவேன்? வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். அன்னிக்கித்தான் ஒரு வாய் சாப்பிட்டா.”

சென்னகிருஷ்ணனுக்குத் தன் புத்தியைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு வெளியே வந்தான்.

வீட்டில் வெள்ளையம்மா தட்டில் சோறு போட்டபடியே கேட்டாள்.

“ரேடியோ கடையில சீரியல் பாத்தீங்களாமே? திம்மராயண்ணன் பாத்துட்டு வந்து சொன்னாரு. உங்களுக்குத்தான் இந்தி தெரியுமே, கடைசியில கேப்டன் என்னா சொல்றான்?”

அவன் தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

“கங்கப்பண்ணன் சொன்ன அதேதான். ‘சோறாக்கி வை, வந்துடறேன்’ங்கறான்.”

வெள்ளையம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“அட, நீங்களுமா? அந்தப் பொம்பள அழுத அழுகைக்கு இந்தி வேற தெரியணுமாக்கும்! அவன் வரமாட்டான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்ங்க. எனக்காக ஒரு மனுசன் வேர்க்க வேர்க்கப் பொய் சொல்லிகிட்டு நிக்கறாரே, அவரு மனசு நோகக் கூடாதேன்னுதான் அன்னிக்கி ஒரு வாய் சாப்பிட்டேன்.”