நட்சத்திரத்துக்கு வேலைக்குப் போனவன்

"கதை பேரும் தெரியாது, எழுதினவன் பேரும் தெரியாது. எதை வச்சுத் தேடச் சொல்றே?" பழைய புத்தகக் கடைக்காரர் மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார். ஓசியில் படிக்க வந்தவன் என்று சந்தேகம்.

"ஒருத்தன் நட்சத்திரத்துக்கு வேலைக்குப் போறான். அங்கே ஒரு நாள்னா இங்கே முப்பது வருஷம். பொழுது சாய்ஞ்சதும் திரும்பிடுவேன்னு சொல்லிட்டுப் போறான். அதுவரைக்கும்தான் ஞாபகம் இருக்கு. என் பொண்ணு முடிவு கேட்டு உயிரை எடுக்குறா."

"ராக்கெட் கதை பூரா புரட்டியாச்சு. ஆளை விடுப்பா."

இது நாலாவது கடை. அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தான். அம்மா தையல் மிஷினில் குனிந்திருந்தாள்.

"சோறு ஊட்டும்போது சொல்வியே, நட்சத்திரக் கதை. அதை எந்தப் புத்தகத்துலம்மா படிச்சே?"

மிஷின் நின்றது.

"புத்தகமா? 'அப்பா எங்கே, எப்ப வருவார்'னு நீயும் இப்படித்தான் உயிரை எடுத்தே. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"ஒருத்தன்னுதானேம்மா சொன்னே?"

"நான் அப்பான்னுதான் சொன்னேன். ஒருத்தன்னு மாத்திக்கிட்டது நீ."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"சரி, முடிவு என்னம்மா?"

"அந்த ஆள் திரும்பி வந்திருந்தா கதை எதுக்குடா?" என்றாள் அம்மா. மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.