இரண்டு கதவுகளுக்கு நடுவே

எழிலை இடப்பக்க அறைக்குள் கூட்டிச்சென்றார்கள். ஆதிரையை வலப்பக்க அறைக்குள்.

இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் மூடின.

அவர்களின் அம்மா நடைகூடத்தில் தனியாக நின்றாள். சுவர் முழுக்கக் கொக்கிகள், கொக்கிகளில் மழைக்கோட்டுகள். கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் காலணிகள், எல்லாம் ஈரம். இங்கே பிள்ளைகள் வீட்டுச் செருப்பு மாற்றிக்கொண்டுதான் வகுப்புக்குள் போகிறார்கள். அவள் அதை எடுத்துவர மறந்திருந்தாள். மகள்கள் இருவரும் வெறும் காலுறையோடு போயிருந்தார்கள்.

மணி பதினொன்று பத்து.

பன்னிரண்டுக்குள் தனியார் பள்ளிக்கு மெயிலில் பதில் அனுப்ப வேண்டும். மெயிலை நேற்றே எழுதிவிட்டாள். இரண்டு இடங்களையும் ஏற்றுக்கொள்கிறோம், நன்றி. ஃபோனில் அது தயாராக இருந்தது. தொட்டால் போய்விடும்.

அங்கே ஆங்கிலம். இரட்டைப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைப்பார்கள்.

இங்கே, இந்த அரசுப் பள்ளியில், ஜெர்மன். இரட்டைப் பிள்ளைகள் என்றால் ஆளுக்கொரு வகுப்பு. அது இந்தப் பள்ளியின் வழக்கம்.

அவள் கணவன் சிபிக்கு அரசுப் பள்ளிதான் வேண்டும். இங்கேயே இருக்கப்போகிறோம் என்றால் இந்த ஊர்ப் பிள்ளைகளோடு வளரட்டும் என்பான். இருக்கப்போகிறோமா என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பான்.

இரண்டு வாரமாக அதே பேச்சு. கடைசியில் அவள் ஒன்றைத்தான் சொன்னாள்.

"ஆதிரை பக்கத்துல இல்லன்னா எழில் வாயே திறக்க மாட்டா, சிபி."

ஒரே ஒரு காலைப்பொழுது இருவரையும் இங்கே உட்காரவைத்துப் பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டான்.

ஆறு வயது. வீட்டில் தமிழ், டிவியில் ஆங்கிலம், பாலர் பள்ளியில் ஜெர்மன். எங்கே போனாலும் எழிலுக்கும் சேர்த்துப் பேசுவது ஆதிரைதான். எழிலின் குரல் எப்படி இருக்கும் என்று பாலர் பள்ளி ஆசிரியை ஒருமுறை அம்மாவான அவளிடமே கேட்டார். ரொம்பத் தயங்கி, ரொம்ப மரியாதையாக.

அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள்.

இடப்பக்கக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அவள் அதன் முன்னால் போகவில்லை. அம்மாவின் முகம் தெரிந்தால் எழில் ஓடிவந்துவிடுவாள். கதவை ஒட்டி, சுவரில் சாய்ந்து, காதை மட்டும் வைத்திருந்தாள்.

நாற்காலி நகரும் சத்தம். யாரோ இருமினார்கள்.

எழிலின் சத்தம் இல்லை.

பதினொன்று இருபத்தைந்து. பதினொன்று முப்பது. இரண்டு முறை கட்டைவிரல் ஃபோன் திரைக்கு மிக அருகில் போய்த் திரும்பியது.

அப்போது உள்ளே ஒரு குழந்தை பேசத் தொடங்கியது. சத்தமாக, மூச்சு விடாமல்.

வேறு யாரோ என்று நினைத்தாள்.

எட்டிப் பார்த்தாள்.

எழில் வகுப்பின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கைகளை அகல விரித்து எதையோ அளந்து காட்டினாள். தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அம்மாவுக்குத் தெரிந்த ஜெர்மன் காய்கறிக் கடைக்கு மட்டும்தான் போதும். பூனை, புரிந்தது. பால்கனி, புரிந்தது. விழுந்தது என்பதும் புரிந்தது.

அவர்கள் வீட்டில் பூனை கிடையாது. பால்கனியும் கிடையாது.

என் பெண் பொய் சொல்கிறாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நடைகூடத்தின் மறுகோடிக்குப் போய் சிபியை அழைத்தாள்.

"பேசறா."

"யாரு, ஆதிரையா?"

"எழில். நின்னு கதை விட்டுக்கிட்டு இருக்கா."

அந்த மெயிலை அழித்துவிடு என்றான் அவன்.

அழித்தாள்.

திரும்பி வந்தபோது வலப்பக்கக் கதவு திறந்தது. நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஓர் ஆசிரியை வெளியே வந்தார். அவளுக்காக ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்.

"இந்தக் குழந்தை வீட்டில் பேசுவாளா?"

ஆசிரியைக்கு ஆள் மாறிவிட்டது என்று நினைத்தாள். பேசாத பெண் அந்த அறையில் இருக்கிறாள் என்று இடப்பக்கம் கை காட்டினாள்.

ஆசிரியை கையிலிருந்த தாளைப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஆ-தி-ரை."

அவள் கை அப்படியே நின்றது.

இவ்வளவு நேரத்தில் அந்தக் கதவின் பக்கம் அவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

உள்ளே பிள்ளைகள் தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் ஆதிரை ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பாதி பெஞ்சை யாருக்கோ விட்டுவைத்திருந்தாள். கைகள் இரண்டும் தொடைக்கு அடியில். அம்மாவைப் பார்த்தும் எழுந்து வரவில்லை.

அவள் உள்ளே போய் அந்தப் பாதியில் உட்கார்ந்தாள். முழங்கால் மேசையில் இடித்தது.

ஆதிரை இதுவரை தனக்கென்று என்ன கேட்டிருக்கிறாள்? யோசித்துப் பார்த்தாள். ஒரு பொம்மை, ஒரு தின்பண்டம், ஏதாவது ஒன்று. கேட்டதெல்லாம் தங்கைக்காகக் கேட்டதாகத்தான் ஞாபகம் வந்தது.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம். இரண்டு வரி. திரும்ப எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. பைக்குள் கை போனது. ஃபோன் விரலில் பட்டது.

ஆசிரியை மேசை மீது ஒரு படத்தை வைத்தார். குடை. இது என்ன என்று ஆதிரையிடம் மெதுவாகக் கேட்டார்.

குடைக்கான ஜெர்மன் சொல் அம்மாவுக்குத் தெரியும். இந்த ஊருக்கு வந்த இரண்டாவது நாளே கற்றுக்கொண்ட சொல்.

ஆதிரை படத்தைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி அம்மாவின் வாயைப் பார்த்தாள். நீ சொல் என்பதுபோல.

அவள் பைக்குள்ளிருந்து வெறும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உதடுகளை மூடிக்கொண்டாள்.